ஃப்ளை-ஃபூச்சி ஈக்கள்: செல் சுழற்சிப் பிறழ்வுகளைப் படிப்பவருக்கு எந்த அளவு நம்பகமானவை?

பழ ஈயில் ஒரு மரபணு பழுதுபட்டதால் செல் பிரிவு குறைந்ததா, கூடியதா என்பதை அறிவதில் பெரிய சிரமம் இல்லை. சிறுத்த சிறகும் வரிசை கலைந்த கண்ணும் அதைக் காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் செல் சுழற்சியின் (டிஎன்ஏ நகலெடுப்புக்கு முந்தைய ஜி1, நகலெடுக்கும் எஸ், அதற்குப் பிந்தைய ஜி2, செல் பிரியும் மைட்டாசிஸ்) எந்தக் கட்டத்தில் கட்டுப்பாடு தளர்ந்தது என்று சொல்ல, திசுவில் உள்ள ஒவ்வொரு செல்லும் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பது தெரிந்தாக வேண்டும். இந்தத் தேவைக்காகவே, செல் நிற்கும் கட்டத்துக்கேற்ப வேறுவேறு நிறத்தில் ஒளிரும்படி மரபணு மாற்றி உருவாக்கப்பட்டவை ஃப்ளை-ஃபூச்சி ஈக்கள். பிறழ்வு கொண்ட ஈக்களோடு கலப்பு செய்து இவற்றைப் பயன்படுத்திவரும் அனுபவத்திலிருந்து இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன்.

பாலூட்டிச் செல்களுக்கான ஃபூச்சி முறையை ஜப்பானில் அட்சுஷி மியாவாகியின் குழு 2008இல் வெளியிட்டது. அதே கருத்தை ஈக்கு ஏற்றபடி மாற்றி, ப்ரூஸ் எட்கரின் குழு 2014இல் வெளியிட்டதுதான் ஃப்ளை-ஃபூச்சி. செல் பிரிவுக்கான மரபணுக்களை இயக்கும் இ2எஃப்1 புரதத்தின் முதல் 230 அமினோ அமிலங்கள் பச்சையாக ஒளிரும் புரதத்தோடு இணைக்கப்பட்டுள்ளன. டிஎன்ஏ நகலெடுக்கப்படும் எஸ் கட்டம் தொடங்கியதும் சிஆர்எல்4-சிடிடி2 என்ற நொதித் தொகுப்பு இதை அழிவுக்கு அனுப்பிவிடும். செல் பிரிவைத் தூண்டும் சைக்ளின் பி புரதத்தின் முதல் 266 அமினோ அமிலங்கள் சிவப்பாக ஒளிரும் புரதத்தோடு இணைக்கப்பட்டுள்ளன. இதை ஏபிசி/சி என்ற மற்றொரு நொதித் தொகுப்பு மைட்டாசிஸின் நடுவிலிருந்து ஜி1 முடியும்வரை நிலைக்க விடுவதில்லை. ஆகவே ஜி1 கட்டத்தில் செல் பச்சை, எஸ் கட்டத்தில் சிவப்பு, ஜி2 கட்டத்திலும் மைட்டாசிஸின் முற்பகுதியிலும் இரண்டும் சேர்ந்து மஞ்சள். பாலூட்டிச் செல்களில் பழகிய கண்ணுக்கு முதலில் இது தடுமாற்றம் தரும், ஏனெனில் அங்கே ஜி1 சிவப்பாகத் தெரியும். இ2எஃப்1 துண்டில் டிஎன்ஏவைப் பற்றும் பகுதியோ, சைக்ளின் துண்டில் கைனேஸை (சுழற்சியை முன்னே நகர்த்தும் நொதியை) தூண்டும் பகுதியோ இல்லை என்பதை வடிவமைப்பின் பெரிய நற்பண்பாகக் கருதுகிறேன். அளப்பதற்காக உள்ளே வைத்த புரதமே சுழற்சியை முடுக்கிவிடும் ஆபத்து இதனால் நீங்குகிறது.

இதன் உண்மையான பயனை லார்வாவின் கண் வட்டில், அதாவது பின்னர் கண்ணாக வளரும் தட்டையான திசுவில், பார்க்கலாம். மூன்றாம் பருவ லார்வாவில் இந்த வட்டின் குறுக்கே ஒரு பள்ளம் பின்புறத்திலிருந்து முன்புறமாக நகர்கிறது. பள்ளத்துக்கு முன்னால் உள்ள செல்கள் ஒழுங்கின்றிப் பிரிவதால் மூன்று நிறங்களும் கலந்து தெரியும். பள்ளத்துக்குள் எல்லாச் செல்களும் ஜி1இல் நின்றுவிடுவதால் இடைவெளியில்லாத பச்சைப் பட்டை தெரியும். அதற்குப் பின்னால், மீண்டும் ஒருமுறை பிரியப்போகும் செல்கள் எஸ் கட்டத்துக்குள் நுழைவதால் குறுகலான சிவப்புக் கோடு தெரியும். ரஃபெக்ஸ் மரபணு பிறழ்ந்த ஈயில் இந்த ஒழுங்கு குலைகிறது. ரஃபெக்ஸ் புரதம் சைக்ளின் ஏ-யை அடக்கிவைப்பது. அது இல்லாதபோது ஜி1இல் காத்திருக்க வேண்டிய செல்கள் காத்திராமல் எஸ் கட்டத்துக்குள் இறங்கிவிடுகின்றன, பச்சைப் பட்டை சிதைகிறது, வளர்ந்த ஈயின் கண் சொரசொரப்பாகிறது. நகலெடுக்கப்படும் டிஎன்ஏவை மட்டும் காட்டும் இடியு சாயம் மட்டும் போட்டிருந்தால் எஸ் கட்டச் செல்கள் இடம் மாறியது தெரிந்திருக்கும். அவை இழந்தது ஜி1 இடைநிறுத்தம் என்பதை நிறம் நேராகக் காட்டுகிறது.

ஸ்ட்ரிங் மரபணுவிலும் விடை இதே அளவு தெளிவானது. இது சிடிசி25 பாஸ்பட்டேஸ் என்ற நொதியை உருவாக்கும் மரபணு. கைனேஸின் மீதுள்ள தடையை நீக்கி செல்லை மைட்டாசிஸுக்குள் தள்ளுவது அதன் வேலை. சிறகு வட்டின் ஒரு பகுதியில் மட்டும் அதன் அளவைக் குறைத்தால், அங்கே எண்ணிக்கையில் குறைந்த, உருவில் பெரிய, மஞ்சள் செல்கள் மிகுந்திருக்கும். ஜி2 நீண்டுவிட்டது என்பதற்கு அதுவே சான்று. பிறழ்வைத் தொடுவதற்கு முன் இயல்பான சிறகு வட்டில் மேல்-கீழ் எல்லையைப் பார்த்துவிடுவது நல்லது. அந்த எல்லையின் முன்பாதியில் நடு வரிசை பச்சையாகவும் அதன் இருபுறமும் மஞ்சளாகவும், பின்பாதியில் பச்சையாகவும் தெரியாவிட்டால், கோளாறு ஈயில் இல்லை, நுண்ணோக்கியின் அமைப்பில்தான் இருக்கிறது.

இந்த ஈக்களின் வளர்ப்பு வகைகள் (ஸ்டாக்குகள்) இந்தியானா பல்கலைக்கழகத்தின் ப்ளூமிங்டன் ஈ மையத்தில் கிடைக்கின்றன. கால்4 என்ற தூண்டும் புரதம் இருக்கும் இடத்தில் மட்டும் ஒளிரும் யுஏஎஸ் வகையைவிட, எல்லாச் செல்களிலும் ஒளிரும் யுபிக்விட்டின் வகையையே பரிந்துரைப்பேன். யுஏஎஸ் வகைக்கு கால்4 இன்னொரு மரபணுவாகச் சேர வேண்டும். கால்4இன் வீரியம் வெப்பநிலையோடு ஏறி இறங்குவதால் 18 டிகிரியிலும் 29 டிகிரியிலும் வளர்த்த ஈக்களின் ஒளிர்வை ஒப்பிடுவதில் பொருளில்லை. திசுவின் ஒரு மூலையை மட்டும் பார்க்க வேண்டியவருக்கே யுஏஎஸ் வகை ஏற்றது.

குறைகளும் உண்டு. ஜி2வையும் மைட்டாசிஸையும் நிறம் பிரித்துக் காட்டாது. மைட்டாசிஸில் உள்ள செல்களை அடையாளம் காட்டும் பாஸ்போ-ஹிஸ்டோன் எச்3 எதிர்ப்பொருளைச் சேர்த்தே ஆக வேண்டும். சிவப்புப் புரதம் முதிர்ந்து ஒளிர நேரம் எடுப்பதால், எஸ் கட்டத்தின் தொடக்கத்தில் பச்சையை இழந்து சிவப்பை இன்னும் பெறாத செல்கள் இருண்டு கிடக்கும். அவற்றை இறந்த செல்கள் என்று எண்ணிவிடக் கூடாது. ஜி1, ஜி2 என்ற இடைக் கட்டங்களே இல்லாமல் சில நிமிடங்களில் ஓடிமுடியும் கருவின் முதல் 13 அணுக்கருப் பிரிவுகளுக்கு இந்தக் கருவி பயன்படாது.

இவையெல்லாம் சமாளிக்கக் கூடியவை. எனக்குக் கவலை தருவது வேறொன்று. இந்த நிறங்கள் கட்டத்தை நேரடியாக அளப்பதில்லை. இரண்டு சிதைப்பு நொதித் தொகுப்புகள் ஒழுங்காக வேலை செய்கின்றன என்ற நம்பிக்கையின் மேல்தான் அவை நிற்கின்றன. பிறழ்வு அந்தத் தொகுப்புகளையே தாக்கினால் கருவி பொய் சொல்லும். ஃபிஸி-ரிலேட்டட் மரபணு ஜி1இல் ஏபிசி/சி-யை இயக்கும் புரதத்தைத் தருகிறது. அது பழுதான கருவின் மேல்தோல் செல்களில் சைக்ளின்கள் அழியாமல் தேங்குவதால், நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் இன்னொரு சுழற்சி நடக்கிறது. அதே காரணத்தால் ஃபூச்சியின் சிவப்பும் அழியாது. ஜி1இல் உள்ள செல்லும் ஜி2 போலவே மஞ்சளாகத் தெரியும். சிடிடி2 பழுதானால் எஸ் கட்டத்திலும் பச்சை நீடிக்கும். ஆய்வுக் கட்டுரைகளில் மஞ்சள் செல்லைக் கண்டதும் ஜி2 தடை என்று எழுதும் அவசரம் எனக்குப் பதற்றம் தருகிறது. இந்த இரு பாதைகளையும் தொடக்கூடிய மரபணுவைப் படிப்பவர் அதே திசுவின் செல்களை ஃப்ளோ சைட்டோமெட்ரியில் (செல்களை ஒவ்வொன்றாக ஒளியால் அளக்கும் கருவியில்) ஓட்டி டிஎன்ஏ அளவைப் பார்க்க வேண்டும். மஞ்சள் செல்லில் டிஎன்ஏ இரட்டிக்காமல் இருந்தால் அது ஜி1 செல்தான்.