ஞாயிறு டிரைவ்: இசிஆரா, ஏலகிரியா, கொல்லிமலையா, ரேஸ் டிராக்கா?

எங்கள் குழுவில் 8 வண்டிகள். கூரை திறக்கும் டூ சீட்டர் இரண்டு, ஒரு மஸ்டாங், ஒரு பழைய போலோ, மீதி எல்லாம் தினமும் ஆபீஸுக்கும் போய்வரும் வேகமான செடான்கள். மாதத்தில் ஒரு ஞாயிறு விடிவதற்கு முன்பே சென்னையை விட்டுக் கிளம்பி, மதியச் சாப்பாட்டுக்கு வீடு வந்து சேர்வோம். 6 வருடமாக நடக்கிறது. எந்தப் பக்கம் போவது என்ற கேள்வி மட்டும் இன்னும் தீரவில்லை.

இசிஆர் என்கிற கிழக்குக் கடற்கரைச் சாலை, ஏலகிரி, கொல்லிமலை, இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக் ஆகிய நான்கும்தான் எப்போதும் போட்டியில் நிற்கும். ஏற்காட்டை நாங்கள் சேர்ப்பதில்லை. சேலத்திலிருந்து ஏறும் 20 கொண்டை ஊசி வளைவுகளும் அருமைதான், ஆனால் ஞாயிறு காலை கொஞ்சம் தாமதமானாலும் சுற்றுலா வேன்களுக்குப் பின்னால் ஊர்ந்துதான் ஏற வேண்டும். வால்பாறை புலிகள் காப்பகத்துக்குள் போகிற சாலை. யானை கடக்கிற இடத்தில் எட்டு எக்ஸாஸ்ட்டின் சத்தம் வேண்டாம்.

இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது நான் முதலில் நினைத்துப் பார்ப்பது, போன மாதம் வண்டி வாங்கிக் குழுவில் சேர்ந்தவரைத்தான். அவர் அந்தச் சாலையில் பதற்றமில்லாமல் ஓட்டுவாரா? வரிசையாகப் போகும்போது ஆபத்து பின்னாலிருந்துதான் வருகிறது. முதல் வண்டி 60-ல் நிதானமாகப் போய்க்கொண்டிருக்கும். சிக்னலில் பிரிந்துபோன கடைசி வண்டி, இடைவெளியைச் சரிகட்ட 90-ல் துரத்திக்கொண்டு வரும். அந்தக் கடைசி வண்டியில் பெரும்பாலும் புதியவர்தான் இருப்பார்.

இசிஆரிலிருந்து ஆரம்பிக்கலாம், எல்லோரும் அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். மாமல்லபுரம் வரை 55 கிலோமீட்டர்தான். முட்டுக்காடு பாலத்தில் உப்பங்கழி மேல் வெளிச்சம் விழும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தால் மனசு நிறைந்துவிடும். சாலையும் நன்றாக இருக்கிறது, தாழ்வான வண்டிக்கு அடி தட்டும் பயமில்லை. ஆனால் ஓட்டுவதற்கு அங்கே என்ன இருக்கிறது? வளைவே கிடையாது. ஸ்டியரிங்குக்கு வேலை இல்லாத சாலையில் வலது காலுக்குத்தான் வேலை வரும்.

அதைவிடப் பெரிய விஷயம், அந்தச் சாலை நெடுக மீனவக் குப்பங்கள் இருக்கின்றன. ஞாயிறு விடியலில் சைக்கிள் ஓட்டுபவர்கள் கூட்டம் கூட்டமாக வருவார்கள். ஒருமுறை கோவளம் தாண்டி, அலுமினியக் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு அம்மா சாலையைக் கடக்கக் காத்திருந்தார். எங்கள் முதல் வண்டி போனதும் சாலை காலியாகிவிட்டது என்று நினைத்து இரண்டு அடி எடுத்து வைத்துவிட்டார். பின்னால் தாழ்வாக வந்த இரண்டாவது வண்டி அவர் கண்ணில் படவே இல்லை. சத்தம் கேட்டுத் துள்ளிப் பின்வாங்கினார். கூடையிலிருந்த நெத்திலி தார் மேல் சிதறியது. நிறுத்தி இறங்கி, எல்லாவற்றையும் பொறுக்கிக் கொடுத்து, விலையும் கொடுத்தோம். அவர் திட்டவில்லை, கை மட்டும் நடுங்கிக்கொண்டிருந்தது. அந்தக் கை எனக்கு இன்னும் மறக்கவில்லை. அதற்கப்புறம் இசிஆர் என்றால் 60-ஐத் தாண்டுவதில்லை, சேர்ந்து காபி குடித்துப் பேசத்தான் போகிறோம். புதிதாக வருகிறவரை முதல் தடவை அழைத்துப்போகவும் அதுவே சரியான இடம். வரிசையில் எப்படிப் போவது, எங்கே பின்னால் வருகிறவருக்காக நிற்பது என்று அங்கேதான் பழக்குகிறோம். மற்றபடி, பொதுச் சாலையில் போட்டி போட்டு ஓட்டுவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-ஆம் பிரிவின்படி குற்றம். இரண்டு நண்பர்கள் பேசி வைத்துக்கொண்டு முந்தினாலும் அது போட்டிதான்.

கொல்லிமலை இதற்கு நேரெதிர். காரவள்ளி அடிவாரத்தில் ஆரம்பித்து 70 கொண்டை ஊசி வளைவுகள். படத்தைப் பார்த்தவுடன் எல்லோருக்கும் ஆசை வந்துவிடும், எனக்கும் வந்தது. 30-வது வளைவுக்கு அப்புறம் ரசனை போய் உழைப்பு மட்டும்தான் மிஞ்சுகிறது. வளைவுகள் மிக நெருக்கம். நீண்ட மூக்குள்ள வண்டியில் ஸ்டியரிங்கைக் கடைசி வரை ஒடித்தால்தான் திரும்பும். எதிரே பஸ் வந்தால் வளைவின் முழு அகலமும் அதற்கே சரியாக இருக்கும், நாம் முன்னாலேயே ஒதுங்கி நிற்க வேண்டும். முதல் கியரும் இரண்டாவது கியருமாகவே ஏறுவதால் இரண்டு கிளட்ச் வைத்துத் தானாகவே கியர் மாற்றும் சில டூயல் கிளட்ச் கியர்பாக்ஸ்கள் சூடேறி எச்சரிக்கை காட்ட ஆரம்பித்துவிடும். சென்னையிலிருந்து 350 கிலோமீட்டருக்கு மேல் வேறு. ஒரே நாளில் போய்வந்தால், களைத்துப்போன கண்ணோடு இருட்டில் நெடுஞ்சாலையில் வர வேண்டியிருக்கும். அது எந்த வளைவையும்விட ஆபத்து. இரவு தங்குவதாக இருந்தால், மூன்று நான்கு வண்டி மட்டும் என்றால், தாராளமாகப் போகலாம். வல்வில் ஓரி ஆண்ட மலை. மேலே மிளகுக் கொடியும் பலா மரமும் பார்த்துக்கொண்டே நிதானமாகச் சுற்றி, ஆகாய கங்கை அருவிக்கும் இறங்கி ஏறலாம். அந்தப் படிகளில் இறங்கி ஏறிய கால்களோடு அன்றே கிளட்ச் மிதிக்க முடியாது, தங்கத்தான் வேண்டும்.

ரேஸ் டிராக் பற்றிக் குழுவில் இரண்டு கட்சி உண்டு. இருங்காட்டுக்கோட்டை டிராக், மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் உருவாக்கியது, 1990-ல் திறந்தது. அதற்கு முன்பு சோழவரத்தில் இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளத்தில்தான் ரேஸ் நடக்கும். 3.7 கிலோமீட்டர், 12 வளைவுகள், சென்னையிலிருந்து ஒரு மணி நேரம். வேகம் வேண்டும் என்று உண்மையிலேயே ஆசைப்படுகிறவருக்கு வேறு இடமே தேட வேண்டாம். எதிரே வண்டி வராது, நாய் குறுக்கே ஓடாது, கொடி பிடிக்க மார்ஷல் இருப்பார், ஆம்புலன்ஸ் தயாராக நிற்கும்.

ஆனால் நினைத்த ஞாயிறு போய் ஓட்ட முடியாது. சொந்த வண்டியை டிராக்கில் ஓட்ட விடும் ‘டிராக் டே’ நடக்கும் நாளுக்கு முன்பதிவு செய்து, ஹெல்மெட்டோடு போக வேண்டும். செலவும் நுழைவுக் கட்டணத்தோடு முடியாது. எங்கள் போலோ நண்பர் ஐந்தாவது சுற்றில் பிரேக் மிதித்தார், பெடல் தரை வரை போய்விட்டது. நல்லவேளை, ஓரத்தில் நிறைய இடம் இருந்தது. மூன்று வருடம் மாற்றாத பிரேக் ஆயில்தான் காரணம். டாட் 4 ரக பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது விதி. ஈரம் சேர்ந்துவிட்டால் அந்த அளவு 155 வரை இறங்கிவிடும். கொதித்து ஆவிக்குமிழ் வந்த பிறகு பெடலை எவ்வளவு மிதித்தாலும் அழுத்தம் சக்கரத்திலுள்ள பிரேக் பேடுக்குப் போகாது. இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். வழக்கமான கார் இன்சூரன்ஸ் பாலிசி, ரேஸுக்கும் வேகச் சோதனைக்கும் செல்லாது. கையெழுத்துப் போடுவதற்கு முன் பாலிசியைப் படித்துவிடுங்கள்.

சரி, ஏலகிரி. என் ஓட்டு எப்போதும் இதற்குத்தான். 230 கிலோமீட்டர் தூரம், காலை 4 மணிக்குக் கிளம்பினால் ஏழரைக்குள் பொன்னேரி கூட்டுரோடு. ஸ்ரீபெரும்புதூருக்கும் வாலாஜாபேட்டைக்கும் நடுவே வருடக்கணக்காக நடக்கும் விரிவாக்க வேலைதான் வழியில் ஒரே இம்சை. அங்கே திடீர் திடீரென்று பாதை மாறும், இருட்டில் தாழ்வான பம்பருக்கு நல்லதில்லை.

மலையில் 14 வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு புலவர் அல்லது வள்ளல் பெயர் வைத்துப் பலகை நட்டிருக்கிறார்கள்: பாரதியார், கம்பர், ஔவையார், பாரி, ஓரி என்று. எங்கள் குழுவில் வளைவுக்கு எண் சொல்வதே இல்லை. “கபிலர்ல கொஞ்சம் மண் கிடக்கு, பாத்து வாங்க” என்றுதான் முன்னால் போனவர் சொல்வார். புதிதாக வந்தவருக்கு இது பெரிய உதவி, இன்னும் எத்தனை பாக்கி என்று எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். 14 என்பது சரியான அளவும்கூட. முதல் நான்கில் பயம் தெளிகிறது, அடுத்த ஐந்தில் வண்டி நம் பேச்சைக் கேட்க ஆரம்பிக்கிறது, கடைசி ஐந்தில் சந்தோஷமாக ஓட்டுகிறோம். அலுப்பதற்குள் அத்தனாவூர் வந்துவிடும். அங்கே சுடச்சுட இட்லி, கொஞ்ச நேரம் புங்கனூர் ஏரிக்கரை.

இறங்கும்போதுதான் புதியவர்களுக்கு உண்மையான பாடம். போன முறை டூ சீட்டரில் வந்த தம்பி, பாதி மலையில் ஓரங்கட்டி இறங்கி நின்றார். முன் சக்கரத்திலிருந்து கருகிய வாடை. “அண்ணா, வண்டி எரியுதா?” என்று கேட்டார், முகம் வெளுத்திருந்தது. எரியவில்லை. ஆட்டோமேட்டிக்கை டிரைவிலேயே விட்டுவிட்டு வழியெல்லாம் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்திருக்கிறார். பத்து நிமிடம் ஆற விட்டோம். கீழே ஜோலார்பேட்டைப் பக்கம் ரயில் போகும் சத்தம் கேட்டது. அப்புறம் அவர் பக்கத்தில் நான் உட்கார்ந்து, மேனுவல் மோடுக்கு மாற்றி, இரண்டாவது கியரில் இறங்கச் சொன்னேன். இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொண்டது, வளைவுக்கு முன்னால் ஒரு தொடு, அவ்வளவுதான். ஏறிவரும் வேனுக்கு நின்று வழிவிட்டார், மலைச் சாலையில் ஏறுகிறவருக்குத்தான் முன்னுரிமை. அடிவாரத்துக்கு வந்தபோது, “இன்னொரு தடவை ஏறலாமா அண்ணா?” என்றார்.

ஆகவே எங்கள் கணக்கு இப்படி: மாதாந்திர டிரைவுக்கு ஏலகிரி, புதியவர் சேர்ந்த மாதம் இசிஆர், வேகத்துக்கு வருடத்தில் ஒரு நாள் இருங்காட்டுக்கோட்டை, லீவு கிடைக்கிற மூன்று நான்கு பேருக்குக் கொல்லிமலை. வருகிற ஞாயிறும் ஏலகிரிதான். சனி இரவே பெட்ரோல் நிரப்பிவிடுங்கள், காற்றை வண்டி ஓடிச் சூடாவதற்கு முன் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தத் தம்பி இந்த முறை இரண்டாவது வண்டியாக வருகிறார், கடைசியில் நான் வருகிறேன்.