பிக்கப்பும் கேரவனும்: மேற்கு ஆஸ்திரேலியாவில் ஆல்-கோ இ.எஸ்.சி கருவியுடன் ஒரு பயணம்

பெர்த்தில் பிக்கப் வண்டியும் பெரிய கேரவனும் வாடகைக்கு எடுத்து வடக்கே செல்லத் திட்டமிடும் சிங்கப்பூர்க் குடும்பங்கள், அந்தக் கேரவனில் ஆல்-கோ இ.எஸ்.சி என்னும் நிலைப்படுத்தும் கருவி பொருத்தப்பட்டிருக்கிறதா என்று கேட்டு உறுதிசெய்த பிறகே முன்பணம் கட்ட வேண்டும் என்பது என் கருத்து. டிசம்பர் பள்ளி விடுமுறையில் பெர்த்திலிருந்து ஜெரால்டன் வழியாகக் கல்பாரி வரை, நான்கு கதவுப் பிக்கப்பில் ஏறத்தாழ இரண்டரை டன் கேரவனை இழுத்துச் சென்றபோது, அக்கருவி செய்யும் வேலையை நேரில் உணர்ந்தேன். அதைவிட மிக மலிவான இன்னொரு பொருளும், கேரவன் மூக்கின் எடையை அளக்கும் ஓர் எடைமானி, எங்களிடம் இருந்தது. அந்தக் கருவிக்கு வேலை வருமா, வராதா என்பதைப் பெரும்பாலும் அந்த மலிவான பொருளே முடிவுசெய்கிறது என்பதால், இரண்டையும் சேர்த்தே மதிப்பிடுகிறேன்.

நான் துறைமுகத்தில் பிரைம் மூவர் ஓட்டுபவன். நாற்பதடிக் கொள்கலனை நாள்தோறும் இழுப்பவனுக்குக் கேரவன் ஒரு பொருட்டா என்று உறவினர்கள் கேட்டார்கள். இரண்டும் அடிப்படையிலேயே வேறு. பிரைம் மூவரில் டிரெய்லரின் இணைப்பு முனை பின்னச்சின் மேலேயே அமர்கிறது. டிரெய்லர் பக்கவாட்டில் தள்ளினால் அந்த விசை நேராகப் பின் டயர்களுக்குப் போய்விடும். பிக்கப்பிலோ, இணைப்புப் பந்தான டோ-பால் பின்னச்சுக்கு ஒரு மீட்டருக்கும் மேல் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கிறது. கேரவனின் மூக்கு அந்தப் பந்தை வலப்பக்கம் தள்ளினால், பின்னச்சை ஊன்றுகோலாகக் கொண்டு பிக்கப்பின் முகம் இடப்பக்கம் திரும்புகிறது. அந்தத் திருப்பம் கேரவனை மறுபடி எதிர்ப்பக்கம் வீசுகிறது. வேகம் குறைவாக இருக்கும்வரை ஒவ்வொரு வீச்சும் முந்தையதைவிடச் சிறிதாகி அடங்கிவிடும். ஒரு குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டியதும் ஒவ்வொரு வீச்சும் முந்தையதைவிடப் பெரிதாகிக்கொண்டே போகும். 90 கி.மீ. வேகத்தில் அமைதியாக வந்த கேரவன் 100 கி.மீ. வேகத்திலும் அப்படியே வரும் என்று நம்பிவிட முடியாது என்பதற்கு இதுவே காரணம். அந்த எல்லை வேகமும் நிலையானதன்று. சுமையை எங்கே ஏற்றியிருக்கிறோம், டயர்களில் எவ்வளவு காற்று இருக்கிறது என்பவற்றைப் பொறுத்து அது கூடும், குறையும். நம் விரைவுச்சாலைகளில் பிக்கப் ஓட்டிய பழக்கம் இதற்கு நம்மைத் தயார்செய்வதில்லை.

இ.எஸ்.சி என்பது கேரவனின் அடிச்சட்டத்தில் திருகப்பட்ட ஒரு சிறிய பெட்டி. கேரவன் பக்கவாட்டில் அலைவதை அது உணர்ந்ததும், ஓட்டுநர் எதுவும் செய்யாமலேயே கேரவனின் மின் பிரேக்குகளை இருபக்கமும் ஒருசேரப் போடுகிறது. பின்னால் வருவது மட்டும் பிரேக் பிடிப்பதால் இணைப்பு இறுகி, கேரவன் பிக்கப்பின் நேர்கோட்டுக்கு இழுபடுகிறது, வேகமும் குறைகிறது. பதற்றத்தில் ஓட்டுநர் பிக்கப்பின் பிரேக்கை அழுத்தினால் நடப்பது இதற்கு நேரெதிர்: கேரவன் பின்னாலிருந்து தள்ளி, வண்டி மடங்கிக்கொள்ளும் அபாயம் கூடுகிறது. டெக்ஸ்டர் நிறுவனத்தின் இதேவகைக் கருவி இடது சக்கரங்களையும் வலது சக்கரங்களையும் தனித்தனியே பிடிக்க வல்லது. அதை நான் ஓட்டிப் பார்த்ததில்லை என்பதால் ஒப்பிட முன்வரவில்லை.

டோங்காராவைத் தாண்டி ஜெரால்டனை நெருங்கும்போது கிரீனௌ சமவெளி வருகிறது. அங்கே தெற்கிலிருந்து ஓயாமல் வீசும் உப்புக்காற்றால் மரங்கள் தரையோடு தரையாகச் சாய்ந்தே வளர்ந்திருக்கின்றன. சுற்றுலாப் பயணிகள் படமெடுக்கும் அந்த மரங்களை, கேரவன் இழுப்பவர்கள் எச்சரிக்கைப் பலகையாகவே பார்க்க வேண்டும். பிற்பகல் கடற்காற்று பலமாக இருந்த நேரத்தில் எதிரே பல டிரெய்லர்களைத் தொடராக இழுத்துவரும் ஒரு ரோடு டிரெயின் லாரி வந்தது. ஆஸ்திரேலியாவில் இவை 53.5 மீட்டர் நீளம்வரை இருக்கும். அது எங்களைக் கடக்கும்போது காற்று முதலில் வெளிப்பக்கம் தள்ளியது, பிறகு உள்ளே இழுத்தது. ஸ்டியரிங் கைக்கு லேசாயிற்று. இடப்பக்கக் கண்ணாடியில் கேரவனின் வெள்ளைச் சுவர் அகலமாகத் தெரிந்து மறைந்தது, உடனே வலப்பக்கக் கண்ணாடியில் தெரிந்தது, மீண்டும் இடப்பக்கம். நான் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை மெதுவாக எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்திருந்தேன். அடுத்த வீச்சு தொடங்கும்போதே யாரோ பின்னாலிருந்து கெட்டியாகப் பிடித்து இழுப்பதுபோல் வண்டி தயங்கியது, கேரவன் நேராயிற்று. பின்னிருக்கையில் தூங்கிக்கொண்டிருந்த அத்தை விழிக்கவே இல்லை.

குறை என்று சொன்னால் அது கருவியைவிட, வாடகைக்குக் கொடுத்தவர்களைச் சாரும். இக்கருவி இயங்குவதற்குப் பிக்கப்பிலிருந்து தனியாக 12 வோல்ட் மின்சாரம் வர வேண்டும். அது வந்து, கருவி தன்னைத் தானே சோதித்து முடித்தால்தான் பச்சை விளக்கு நிலையாக எரியும். வண்டியைப் பெற்றுக்கொண்ட காலையில் விளக்கே எரியவில்லை. பிளக்கைக் கழற்றிப் பார்த்தபோது ஒரு முள் பச்சைக் களிம்பு படிந்து கறுத்திருந்தது. அங்கிருந்த இளைஞர், "அது இல்லாமலும் ஓட்டலாம், நிறையப் பேர் அப்படித்தான் போகிறார்கள்" என்றார். முள்ளைச் சுரண்டி, துடைத்து, விளக்கு எரிந்த பிறகே நான் கையெழுத்துப் போட்டேன். எங்கள் கேரவனில் அந்த விளக்கு முன்பக்க இழுவைச் சட்டத்தில் இருந்தது. ஓட்டுநர் இருக்கையிலிருந்து தெரியாது. ஆகவே ஒவ்வொரு முறை புறப்படும்போதும் கீழே இறங்கிப் பார்த்தாக வேண்டும். உயிர் காக்கும் கருவி ஒன்று உறங்குகிறதா, விழித்திருக்கிறதா என்பதை ஓட்டுபவர் அமர்ந்த இடத்திலிருந்தே அறிய முடியாதபடி பொருத்துவது சரியாகப் படவில்லை.

இனி அந்த மலிவான பொருள்: டோ-பால் எடைமானி. எங்கள் குடும்பம் ஒரு வேளை உணவகத்தில் சாப்பிடும் செலவுக்குள் அடங்கும் விலை. தடித்த உருளை ஒன்றின் பக்கத்தில் ஓர் அளவு முள், அவ்வளவே. கேரவன் மூக்கின் அடியில் அதை நிறுத்தி, முன்சக்கரத்தை மேலே சுருட்டினால், மூக்கின் எடை முழுவதும் அதன்மேல் அமர்ந்து முள் நகர்கிறது. மொத்த எடையில் ஏறத்தாழ 10 விழுக்காடு மூக்கில் இருக்க வேண்டும் என்பது ஆஸ்திரேலியாவில் பரவலாகப் பின்பற்றப்படும் விதி. அமெரிக்கர்கள் 10 முதல் 15 விழுக்காடு என்பார்கள். எங்களுக்கு 250 கிலோ வேண்டியிருந்தது. முள் காட்டியதோ 170. கேரவனின் பின்பம்பரில் இரண்டு சைக்கிள்கள், பின்கட்டிலின் அடியில் அரிசி, நாற்காலிகள், தண்ணீர் பாட்டில்கள். சைக்கிள்களைப் பிக்கப்பின் பின்தளத்துக்கு மாற்றி, பெட்டிகளை அச்சுக்கு முன்னால் நகர்த்தி, அச்சுக்கு முன்புறமிருந்த தண்ணீர்த் தொட்டியை நிரப்பியதும் முள் 250ஐத் தொட்டது. வால்பக்கச் சுமை குறைந்ததால், ஆட்டம் எடுத்தாலும் அதை அடக்குவது எளிதாகிறது. தொட்டித் தண்ணீர் தீரத்தீர மூக்கின் எடை குறையும் என்பதால், கல்பாரியிலிருந்து திரும்புமுன் தொட்டியை மீண்டும் நிரப்பிக்கொண்டோம். 3,500 கிலோ இழுக்கும் பிக்கப்புகளில் பெரும்பாலானவை பந்தின்மேல் 350 கிலோ வரை தாங்கும். ஆனால் அந்த எடை பிக்கப்பின் சொந்தச் சுமைக் கணக்கிலும் சேரும் என்பதைப் பலர் விட்டுவிடுகிறார்கள்.

இரண்டு எஃகுத் தண்டுகளைச் சங்கிலியால் இழுத்துக்கட்டும் எடைப் பகிர்வு இணைப்பும் எங்களுக்குத் தரப்பட்டது. அது ஆட்டத்தை நிறுத்தும் என்று கொடுத்தவர் சொன்னார். அதன் உண்மையான வேலை, பின்னச்சில் அழுந்தும் சுமையில் ஒரு பங்கை முன்னச்சுக்கும் கேரவனின் அச்சுக்கும் மாற்றி, முன்டயர்களின் பிடிமானத்தை மீட்பது. அமெரிக்காவில் விற்கும் ஈக்வலைசர் போன்றவற்றில் உராய்வால் ஆட்டத்தைத் தடுக்கும் அமைப்பும் சேர்ந்தே வருகிறது. அங்கே ஹென்ஸ்லி ஆரோ என்று ஒன்று இருக்கிறது. தன் இணைப்புத் தண்டுகளின் அமைப்பால், கேரவன் பிக்கப்பின் பின்னச்சுக்கு அருகிலேயே இணைக்கப்பட்டதுபோல் நடந்துகொள்ளச் செய்கிறது. பிரைம் மூவரின் பலத்தைப் பிக்கப்புக்குக் கொண்டுவரும் அந்தச் சிந்தனையை நான் மிகவும் மதிக்கிறேன், விலையும் எடையும் அதிகமானாலும். எங்களுக்குக் கிடைத்தது சாதாரணத் தண்டு வகை. பிக்கப்பின் முன்பக்கம் தாழ்ந்து சமநிலைக்கு வந்தது, ஸ்டியரிங் கனமும் திரும்பியது. அதற்குமேல் அதனிடம் எதிர்பார்க்க ஒன்றுமில்லை.

வாடகைக்கு எடுப்பவர்கள் தொலைபேசியிலேயே கேட்க வேண்டியவை: இ.எஸ்.சி இருக்கிறதா, பிக்கப்பின் பிளக்கில் அதற்கான மின்கம்பி வருகிறதா, கேரவன் பிரேக்கைக் கையால் தனியே போடும் பொத்தான் எங்கே இருக்கிறது. ரெட்ஆர்க் டோ-புரோ போன்ற, பிக்கப்பில் பொருத்தும் கேரவன் பிரேக் கட்டுப்படுத்திகளில் டாஷ்போர்டிலுள்ள குமிழை அழுத்தினால் கேரவன் மட்டும் பிரேக் பிடிக்கும். கிளம்புமுன் காலியான இடத்தில் மெதுவாக ஓட்டி, அந்தக் குமிழைக் கண்ணால் தேடாமல் கை எட்டும்வரை நானும் மைத்துனரும் மாறிமாறிப் பழகிக்கொண்டோம். இக்கருவி பொருத்திய கேரவனுக்கு எங்களிடம் நாள் வாடகை சற்றுக் கூடுதலாக வாங்கினார்கள். குழந்தைகளோடும் பெரியவர்களோடும் அந்தச் சாலையில் செல்பவர்கள் அதைக் கொடுக்கத் தயங்க வேண்டியதில்லை.