22 கேரட்டாக அடகு வைத்த நகை, 20 கேரட்டாக ஏலம் போனது

அடகு வைத்த நகை ‘மூழ்கிவிட்டது’ என்று கிளையில் சொன்னால், தலையெழுத்து என்று வீட்டுக்குத் திரும்பிவிடாதீர்கள். ஏலக் கணக்கைத் தாளில் கேட்டு வாங்குங்கள். என் அக்காவுக்கு நடந்த அநியாயம் அந்தத் தாளைப் பார்த்த பிறகுதான் எங்களுக்கே தெரிந்தது.

அக்கா வீட்டுக்காரருக்கு ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் வியாபாரம். 2023 ஆகஸ்டில் கொள்முதலுக்குப் பணம் போதாமல், தங்க நகைக் கடன் கொடுக்கும் ஒரு நிதி நிறுவனத்தில் அக்கா தன் இரட்டைவடச் சங்கிலியையும் வளையல்களையும் ஜிமிக்கியையும் வைத்தார். மொத்த எடை 48 கிராம். கல், அரக்கு கழித்து நிகர எடை 46 கிராம். மதிப்பீட்டாளர் உரைகல்லில் தேய்த்துப் பார்த்து, நிறுவனத்தின் தாளிலேயே ‘22 கேரட்’ என்று எழுதி முத்திரையும் குத்திக் கொடுத்தார். வளையல்களில் 916 ஹால்மார்க் இருந்தது. கடன் தொகை 1,80,000 ரூபாய். நிறுவனத்தின் பெயரை இங்கே போடவில்லை, வழக்குக்கான வேலை நடக்கிறது. தயவுசெய்து பெயர் கேட்டு எழுத வேண்டாம்.

இடையில் அக்கா வீடு மாறினார். புது முகவரியைக் கிளையில் எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு நகலில் முத்திரையும் வாங்கிவைத்திருந்தார். அப்படியும் ஏல நோட்டீஸ் பழைய முகவரிக்குத்தான் போனது. கைப்பேசிக்கு வந்த குறுஞ்செய்திகள் எல்லாம் ஆங்கிலத்தில். வழக்கம்போல வட்டி கட்டச் சொல்கிறார்கள் என்றுதான் அக்கா நினைத்தார். 2024 டிசம்பரில் நகையைத் திருப்பப் பணத்தோடு போனபோது, “மேடம், உங்கள் நகை ஏலத்தில் போய்விட்டது, தலைமை அலுவலகத்தில் கேளுங்கள்” என்று கவுன்டரில் இருந்த பையன் கணினியிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னான். மேலாளரிடம் போனால், “பேப்பரில் விளம்பரம் கொடுத்திருக்கிறோமே” என்றார். கொடுத்திருந்தார்கள்தான். ஒரு தமிழ் நாளிதழின் கோவைப் பதிப்பில், கடன் எண்கள் மட்டும் பொடி எழுத்தில். ஒட்டன்சத்திரத்தில் அந்தப் பதிப்பு எந்தக் கடையில் கிடைக்கும் என்று கேட்டேன். பதில் இல்லை.

நான் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்ப்பவன். கணக்குத் தாள் கையில் கிடைக்கும்வரை விட மாட்டேன். பதிவுத் தபாலில் கேட்டு, நினைவூட்டல் அனுப்பி, கடைசியில் இரண்டு தாள்கள் வந்தன. முதல் தாளில் கணக்கு இப்படி இருந்தது: ஏலத் தொகை 2,49,500, கடனும் வட்டியும் 2,31,400, ஏலச் செலவு 4,200, மீதி 13,900. அந்த மீதியைக்கூட அக்காவின் வங்கிக் கணக்கில் போடவில்லை. ‘வாடிக்கையாளர் வந்து பெற்றுக்கொள்ளலாம்’ என்று ஒரு குறிப்பு. வந்து கேட்டவரிடம்தான் தலைமை அலுவலகத்துக்குப் போகச் சொன்னார்கள்.

ஆனால் என் கண்ணை உறுத்தியது வேறு ஒரு கட்டம். ‘தூய்மை: 20 கேரட்.’ வைக்கும்போது 22, விற்கும்போது 20. பெட்டகத்துக்குள் இருக்கும் தங்கம் மாற்று குறையுமா?

இந்த இரண்டு கேரட் ஏன் குறைந்தது என்பது கணக்குப் போட்டால் விளங்கும். அன்று நடைமுறையில் இருந்த ரிசர்வ் வங்கி விதிப்படி, நகைக் கடன் நிறுவனம் ஏலம் விடும்போது குறைந்தபட்ச விலையை முன்கூட்டியே நிர்ணயிக்க வேண்டும். 22 கேரட் தங்கத்தின் முந்தைய 30 நாள் சராசரி விலையில் 85 சதவீதத்துக்கு அது குறையக் கூடாது. மும்பை விலைப்படி சராசரி கிராமுக்கு ஏறக்குறைய 7,000 ரூபாய். அதில் 85 சதவீதம் 5,950; 46 கிராமுக்கு 2,73,700 ரூபாய். அதற்குக் கீழே விற்கவே முடியாது. 20 கேரட் என்று எழுதிவிட்டால் அந்த வரம்பு சுமார் 2,48,800 ஆக இறங்கிவிடுகிறது. நகை போனது 2,49,500க்கு. எவ்வளவு பொருத்தம் பாருங்கள்! அடகு வைக்கும்போது சான்றளித்த தூய்மையையே ஏலத்தின் குறைந்தபட்ச விலைக்கும் கணக்கில் கொள்ள வேண்டும் என்று 2014இலேயே ரிசர்வ் வங்கி எழுதிவைத்திருக்கிறது. அந்தத் தூய்மைச் சான்றுதான் எங்கள் பிடி. நகை வைக்கும்போது தரும் அந்தத் தாளைப் பலர் பையில் கசக்கிப் போட்டுவிடுகிறார்கள். பீரோவில் வையுங்கள்.

இரண்டாவது தாள் ஏலக் கேள்விப் பட்டியல், அதாவது ஏலத்தில் யார் என்ன விலை கேட்டார்கள் என்ற பட்டியல். மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள்: 2,49,000, 2,49,200, 2,49,500. மூன்று பெயர்களும் ஒரே பேனாவில், ஒரே சாய்வில், ஒரே கையால் எழுதியவை. ஏலம் நடந்த இடம் கோயம்புத்தூர். கடன் கொடுத்த கிளை இருக்கும் ஊரிலோ தாலுகாவிலோதான் ஏலம் விட வேண்டும் என்பது 2013 விதி. முதல் ஏலம் தோற்றால் பல கிளைகளின் நகைகளைச் சேர்த்து விற்கப் பிறகு சலுகை கொடுத்தார்கள், ஆனால் அதுவும் அதே மாவட்டத்துக்குள்தான். திண்டுக்கல் மாவட்டத்து நகை கோவைக்குப் போனதற்கு ஒரு வரி விளக்கம்கூட அந்தத் தாளில் இல்லை.

ஏலம் விட்டவர் யார்? அடியில் கையெழுத்து மட்டும் இருந்தது. “அங்கீகரிக்கப்பட்ட ஏலக்காரர்” என்றார் மேலாளர். யார் அங்கீகரித்தது என்று கேட்டேன். “எங்கள் போர்டு.” உண்மையும் அதுதான். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் ஏலம் விடுபவர் அரசிடம் உரிமம் வாங்கியிருக்க வேண்டும். இந்தியா முழுமைக்கும் பொதுவான ஏலக்காரர் உரிமம் என்று ஒன்று நம்மிடம் இல்லை. நகைக் கடன் நிறுவனத்தின் இயக்குநர் குழு அங்கீகரித்தவர் மூலம் ஏலம் விட வேண்டும் என்பதோடு அன்றைய விதி நின்றுவிட்டது. கடன் கொடுத்தவரே ஏலக்காரரையும் தேர்ந்தெடுக்கிறார். ஆகவே அந்த இயக்குநர் குழுத் தீர்மானத்தின் நகலைக் கேட்பதில் தவறே இல்லை. நாங்கள் கேட்டோம், இதுவரை வரவில்லை.

1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தில் 64ஆவது பிரிவு ஏலத்தைப் பற்றியது. சுத்தியல் விழுந்ததும் விற்பனை முடிகிறது. அதுவரை கேட்டவர் பின்வாங்கலாம். விற்பவர் முன்கூட்டி அறிவிக்காமல் தானே விலை கேட்கக் கூடாது. விலையை ஏற்றப் பொய்க் கேள்வி கேட்டால் வாங்கியவர் அந்த விற்பனையை ரத்து செய்யலாம். வாசித்துப் பார்த்தால் பெரும்பகுதி வாங்குபவருக்கான பாதுகாப்பு. எங்களைப் போல நகையைப் பறிகொடுத்தவர்களுக்கு ஆபத்து எதிர்ப்பக்கத்திலிருந்து வருகிறது: கேட்பவர்கள் ஒன்றுகூடி விலையை ஏறவிடாமல் அடிமாட்டு விலைக்கு அடிப்பது. அங்கே கைகொடுப்பது 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம், பிரிவு 176. விற்பதற்கு முன் நியாயமான அறிவிப்பு கொடுக்க வேண்டும், கடன் போக மிஞ்சியதை அடகு வைத்தவரிடம் தர வேண்டும் என்கிறது அது. கடன் கொடுத்த நிறுவனம் ஏலத்தில் கலந்துகொள்ளக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. எங்கள் நகையை எடுத்தவருக்கும் நிறுவனத்துக்கும் தொடர்பு உண்டா என்று எழுத்தில் கேட்டிருக்கிறோம்.

நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதி, 30 நாள் கடந்தும் உருப்படியான பதில் வராததால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இணையம் வழியாகப் புகார் செய்தோம். கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. உதவி எண் 14448. அதன் பிறகுதான் நிறுவனத்துக்குப் பேச்சு வந்தது. ‘எழுத்துப் பிழை’ என்று சொல்லி, 22 கேரட்டின் குறைந்தபட்ச விலைக்குக் கணக்கைத் திருத்தி 38,100 ரூபாய் தருவதாகக் கடிதம் அனுப்பினார்கள். நகையின் அன்றைய தங்க மதிப்பு மட்டுமே 3,22,000. முழுத் தீர்வாக ஏற்கிறேன் என்று கையெழுத்துப் போட அக்கா மறுத்துவிட்டார். இப்போது மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு மனு தயாராகிறது. அங்கே இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள்.

ரிசர்வ் வங்கி 2025 ஜூனில் புது விதிகளை வெளியிட்டு, 2026 ஏப்ரல் 1க்குள் நடைமுறைப்படுத்தச் சொன்னது. குறைந்தபட்ச விலை 90 சதவீதம், இரண்டு முறை ஏலம் தோற்றால்தான் 85. மிச்சப் பணத்தை ஏலத் தொகை முழுதாக வந்த ஏழு வேலை நாளுக்குள் திருப்ப வேண்டும். அந்தப் பகுதியின் மொழியிலோ கடன் வாங்கியவர் தேர்ந்தெடுத்த மொழியிலோ தகவல் அனுப்ப வேண்டும். உங்கள் கடன் எந்த விதியின் கீழ் வருகிறது என்று கிளையில் எழுத்துமூலம் கேளுங்கள். தெருமுனை அடகுக் கடைகளுக்கு இவை பொருந்தாது. அவற்றுக்கு 1943ஆம் ஆண்டின் தமிழ்நாட்டு அடகுக் கடைக்காரர் சட்டம் தனியாக இருக்கிறது. அங்கே ரசீதில் உரிம எண் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

இப்போது ஏல நோட்டீஸ் கையில் இருப்பவர்களுக்கு ஒன்று. தவணை தப்பிவிட்டது, இனி திருப்ப முடியாது என்று கிளையில் சொன்னால் நம்பாதீர்கள். ஒப்பந்தச் சட்டத்தின் 177ஆவது பிரிவுப்படி, நகை உண்மையில் விற்கப்படும் கணம் வரை பணத்தைக் கட்டி மீட்கலாம். தாமதத்தால் ஆன செலவைச் சேர்த்துக் கட்ட வேண்டியிருக்கும், அவ்வளவுதான். பணத்தோடு போங்கள். வாங்க மறுத்தால், மறுத்த தேதியையும் நேரத்தையும் எழுதி, அங்கேயே நின்று முத்திரை வாங்குங்கள். முத்திரையும் தர மறுத்தால், அன்றைக்கே மின்னஞ்சலிலும் பதிவுத் தபாலிலும் அதை எழுதி அனுப்பிவிடுங்கள்.