ஈத்தேனில் முக்குவதா, 2,100 பாரில் அழுத்துவதா?

தண்ணீர் மெதுவாக உறைந்தால் படிகமாகிவிடும். அந்தப் படிகம் செல் சவ்வைக் கிழித்து, உப்பையும் புரதத்தையும் ஓரத்துக்குத் தள்ளும். உறைய வைத்த மாதிரியை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்க்க வேண்டியது படிகமே இல்லாத கண்ணாடிப் பனி. அதைப் பெற நீர்ம ஈத்தேனில் முக்கலாம், அல்லது உயர் அழுத்தத்தில் உறைய வைக்கலாம்; எது என்பதை மாதிரியின் தடிமனே தீர்மானிக்கும்.

முக்கும் முறையை 1980களின் தொடக்கத்தில் ஹைடெல்பெர்க்கில் வகுத்தது ழாக் துபோஷேயின் குழு. இந்தப் பணி 2017 வேதியியல் நோபல் பரிசில் அவருக்குப் பங்கு பெற்றுத் தந்தது. 3 மி.மீ. கிரிட்டில் (மாதிரியைத் தாங்கும் துளையிட்ட சிறு வட்டில்) 3–4 மைக்ரோலிட்டர் கரைசலை விட்டு, வடிதாளால் சில விநாடி ஒற்றி, மிஞ்சும் மெல்லிய படலத்தோடு நீர்ம ஈத்தேனுக்குள் பாய்ச்ச வேண்டும். நேராக நீர்ம நைட்ரஜனில் போட்டால் ஆகாது. −196 டிகிரியில் அது கொதிநிலையிலேயே இருப்பதால், கிரிட் பட்டதும் எழும் ஆவி வெப்பம் வெளியேறவிடாமல் போர்த்திக்கொள்ளும். நன்கு காய்ந்த தோசைக்கல்லில் தெளித்த நீர் உருண்டோடுவதும் இப்படித்தான். ஈத்தேன் −183இல் உருகி −89இல்தான் கொதிக்கும் என்பதால், கொதிக்காமலே வெப்பத்தை வாங்கிக்கொள்கிறது. எளிதில் தீப்பற்றும் வாயு, காற்றோட்டம் கட்டாயம்.

அதிகம் ஒற்றினால் கிரிட்டின் துளைகள் காலி. குறைவாக ஒற்றினால் தடித்த பனி, படம் இருட்டு. ஈரப்பதம் 100 சதவீதத்தை ஒட்டி இல்லையென்றால் படலம் உலர்ந்து உப்பு செறிந்துவிடும். இவற்றையெல்லாம் சரிசெய்தாலும் ஒரு தொல்லை மிஞ்சும்: காற்றும் நீரும் சந்திக்கும் பரப்பில் மோதும் புரதங்கள் குலைகின்றன, அல்லது எல்லாம் ஒரே பக்கமாகப் படுத்துவிடுகின்றன. உறைய வைக்கச் சற்று முன் சாப்சோ (CHAPSO) போன்ற டிடர்ஜென்ட் சிறிது சேர்த்தால் பெரும்பாலும் தணியும். ஆனால் புரதச் செறிவைக் கூட்ட வேண்டிவரும்.

சுமார் 10 மைக்ரோமீட்டரைத் தாண்டினால் ஈத்தேன் கைகொடுக்காது; உட்பகுதி குளிர்வதற்குள் படிகம் வளர்ந்துவிடும். திசு, வேர்நுனி, நூற்புழு போன்றவற்றுக்கு உயர் அழுத்தமே வழி. 2,100 பாரில் (காற்றழுத்தத்தைப் போல் சுமார் 2,100 மடங்கு) நீரின் உறைநிலை −22 டிகிரி வரை இறங்கும், படிக வளர்ச்சியும் மந்தப்படும். அந்த அழுத்தத்தில் சில மில்லிவிநாடிகளில் நீர்ம நைட்ரஜன் பீய்ச்சிக் குளிர்விக்கிறார்கள். எட்டக்கூடிய உச்சம் 200 மைக்ரோமீட்டர். நம்பகமாக வேண்டுமென்றால் 100 மைக்ரோமீட்டர் குழியுள்ள உலோக வட்டே நல்லது. குழியில் காற்றுக்குமிழி இருந்தால் அழுத்தத்தில் அது நசுங்கி மாதிரியும் சிதையும். அதனால் இடைவெளியை 20 சதவீத டெக்ஸ்ட்ரான் என்ற சர்க்கரைச் சேர்மக் கரைசலாலோ ஹெக்ஸாடெசீன் என்ற எண்ணெய் போன்ற திரவத்தாலோ நிரப்ப வேண்டும்.

உண்மையான செலவு இதற்குப் பிறகுதான். எலக்ட்ரான்கள் பயனுள்ள படம் தரும் அளவு ஊடுருவுவது சுமார் 200 நானோமீட்டர். 200 மைக்ரோமீட்டர் மாதிரியை ஆயிரத்தில் ஒரு பங்காக மெலிக்க வேண்டும். வைரக் கத்தியால் சீவினால் சீவல் அமுங்கும், விரிசல் விடும். அயனிக்கற்றையால் செதுக்கி எடுப்பது தரமானது, ஆனால் ஒரு தகட்டுக்கே பல மணி நேரம் பிடிக்கும். −90 டிகிரி அசிட்டோனில் நீரை அகற்றி ஆஸ்மியம் என்ற கன உலோகத்தைச் சாயமாக ஏற்றுவது எளிது. செல்லின் அமைப்பு அழகாகத் தெரியும், மூலக்கூறு நுணுக்கம் போய்விடும்.

5 மைக்ரோமீட்டர் ஈஸ்ட் செல்லுக்கு இத்தனை பாடு எதற்கு? கிரிட்டிலேயே ஈத்தேனில் முக்கி, அங்கேயே அயனிக்கற்றையால் செதுக்கலாம். எந்த வழியானாலும் இடுக்கியை முன்பே குளிர்வித்து வையுங்கள்: சூடேறி −137 டிகிரியைத் தொட்டாலே கண்ணாடிப் பனி படிகமாகத் தொடங்கும்.