ஓவர்டிரைவ் விழலையா, இந்த ஒர்க்‌ஷாப்ல ஒருவாட்டி காட்டுங்க

என் பழைய கார்ல இருக்குறது லேகாக் ஓவர்டிரைவ் (கியர்பாக்ஸ் பின்னாடி இருக்குற கூடுதல் கியர் யூனிட், அது விழுந்தா அதே வேகத்துல இன்ஜின் மெதுவா சுத்தும்), நாலாவது கியர்ல ஸ்விட்ச் போட்டா ஆர்பிஎம் இறங்கணும், ஒரு மாசமா இறங்கவே இல்ல. முதல்ல போன இடத்துல காரை ஜாக்கில கூட ஏத்தாம யூனிட்டையே கழட்டணும்னுட்டாங்க. இங்க மெக்கானிக் அண்ணன் அப்படி இல்ல, மொதல்ல ஆயில் லெவல் பாத்தார், ஏன்னா இதுக்கு பிரஷரே கியர்பாக்ஸ் ஆயில்லேர்ந்துதான் வருது, கொறஞ்சா விழாது. அப்புறம் இன்ஜின ஸ்டார்ட் பண்ணாம இக்னிஷன் மட்டும் ஆன் பண்ணி நாலாவது கியர்ல வெச்சு ஸ்விட்ச தட்டச் சொன்னார், சொலனாய்டு (கரண்ட் வந்தா ஓவர்டிரைவ விழ வைக்கிற மின்காந்தம்) சத்தமே இல்ல. பேட்டரிலேர்ந்து நேரா சொலனாய்டுக்கு ஒரு ஒயர் இழுத்து வெச்சதும் 'டக்'னு ஒரு சத்தம், எனக்கு உயிரே வந்துச்சு.

கோளாறு கியர்பாக்ஸ் மேல இருக்குற இன்ஹிபிட்டர் ஸ்விட்ச்லதான் (மேல் கியர்ல மட்டும் ஓவர்டிரைவுக்கு கரண்ட் விடுற ஸ்விட்ச்), காண்டாக்ட் கருத்துப்போயிருந்துச்சு, மீட்டர்ல வெச்சு எனக்கே காட்டிட்டுத்தான் மாத்தினார். குறைன்னா மூணு நாள் ஆச்சு, போன் எடுக்கல, அத மட்டும் சரி பண்ணிக்கணும்.

கிளம்பும்போது அவர் சொன்னது எல்லாருக்கும் உதவும்: ஓவர்டிரைவ் விழுந்து, திரும்ப விடுபடாம மாட்டிக்கிச்சுன்னா மறந்தும் ரிவர்ஸ் போட்டுடாதீங்க, உள்ள இருக்குற ஒன்வே கிளட்ச் (ஒரு பக்கமா மட்டும் சுத்த விடுறது) உடஞ்சிடும்.