49 வெள்ளி நீலச் சீரம்: வாங்கலாமா?

சுங்கை சிப்புட்டில் ஒரு அழகுசாதனக் கடையில் காப்பர் பெப்டைட் (செம்பு சேர்ந்த குட்டிப் புரதத் துண்டு) சீரம் வாங்கினேன். அம்மாவுக்குத்தான், செம்பனைத் தோட்டத்தில் 20 வருஷம் வேலை செய்து கையெல்லாம் சொரசொரப்பாகிவிட்டது. கடையில் இருந்த தங்கச்சி, "பூசின சில விநாடியிலேயே செம்பு பெப்டைடோடு சேர்ந்துடும் அக்கா" என்றாள்.

வேகம் உண்மைதான், ஆனால் அந்த வேலை போத்தலுக்குள்ளேயே எப்போதோ முடிந்துவிட்டதே! இந்தப் பெப்டைடின் பெயர் ஜிஎச்கே, கிளைசின், ஹிஸ்டிடின், லைசின் என்று மூன்றே அமினோ அமிலங்கள் கோத்த துண்டு. 1973இல் லோரன் பிக்கார்ட் என்ற ஆய்வாளர் இதை மனித ரத்தப் பிளாஸ்மாவிலிருந்து பிரித்தெடுத்தார். தண்ணீரில் செம்பு அயனி கிடைத்தால் மில்லி விநாடிகளில் பிடித்துக்கொள்ளும், அப்புறம் பிடியைச் சரிசெய்துகொள்ளத்தான் இன்னும் கொஞ்சம் நேரம். சீரத்தின் அந்த ஆழ்ந்த நீலமே செம்பு சேர்ந்ததால் வருவதுதான்.

"வைட்டமின் சி சீரத்தையும் கூடவே பூசுங்க" என்று அந்தத் தங்கச்சி சொன்னதுதான் மோசம். செம்பு வைட்டமின் சியைச் சீக்கிரம் கெடுத்துவிடும், இரண்டுக்கும் காசு கொடுத்து ஒன்றை வீணாக்குவதா?

ஒரு மாதத்தில் கை கொஞ்சம் மிருதுவானது, அது சீரத்தில் உள்ள கிளிசரின் (ஈரப்பதம் காக்கும் பொருள்) வேலையாகவும் இருக்கலாம். மூடி ஒழுகி அம்மாவின் கைலியில் நீலக் கறை. மாற்றித் தரச் சொன்னேன், முடியாது என்றுவிட்டார்கள். என் மதிப்பெண் 5க்கு 2.