ஒரே மெசினுக்குள்ள மெயில்: மெயிலுக்கு 5க்கு 4, ரைட்டுக்கு 2தான்

வாட்ஸ்அப் இரிக்கக்குள்ள ஒரே மெசினுக்குள்ள மெயில் என்னத்துக்கு எண்டு கேப்பீங்க எண்டு தெரியும், கேளுங்க, ஆனா வாசிச்சு முடிச்சிட்டு கேளுங்க. கல்லடியில எனக்குத் தெரிஞ்ச தம்பி ஒராள் ஏ/எல் ஐசிடி கிளாஸ் எடுக்கிறார், பாடத்துல டைம் ஷேரிங், அதாவது ஒரே கொம்பியூட்டரைக் கனபேர் ஒரே நேரத்துல பங்குபோட்டுப் பாவிக்கிற முறை எண்டு ஒண்டு வருமே, அதைப் புள்ளைகள் பாடமாக்கி எழுதிட்டுப் போகுதுகளே தவிர ஒண்டும் விளங்கல்ல எண்டு ராஸ்பெரி பை 4 எண்ட கையளவு கொம்பியூட்டரை சேர்வரா வச்சு, கழிச்சுவிட்ட பழைய கொம்பியூட்டர்கள் எல்லாத்தையும் ஒரு ரவுட்டர்ல கொழுவி, எல்லாரையும் அந்த ஒரே பைக்குள்ள லொகின் பண்ண விட்டிரிக்கார். இன்டர்நெட் இல்ல, டேட்டா ஒரு சதம் போகல்ல. நானும் ஒரு எக்கவுண்ட் வாங்கி பின்னேரத்துல போய் இரிந்து பாவிச்சன், அதுல கிடைக்கிற மெசேஜ் வசதிகளைப் பத்தித்தான் இந்த ரிவியூ.

முதல்ல மெயில். மெயிலைக் கொண்டு போய்ச் சேர்க்கிற போஸ்ட்பிக்ஸ் எண்ட மென்பொருளைப் போடக்குள்ள லோக்கல் ஒன்லி எண்டு தெரிவு செஞ்சு, மெயில் எண்ட கொமாண்ட் இல்லாட்டி அதையும் போட்டா முடிஞ்சுது. மெயில் எண்டு அடிச்சு ஆள்ட யூசர் நேமைப் போட்டு, சப்ஜெக்ட், மறுகா விசயம், கடைசில கொன்ரோல் டி. அட் அடையாளமும் இல்ல, டொட் கொம்மும் இல்ல, அடுத்த மேசையில இரிக்கிறவன்ட பேர் மட்டும்தான். அவன் அடுத்த முறை லொகின் பண்ணக்குள்ள உனக்கு மெயில் இரிக்கு எண்டு ஒரு வரி வரும், அவ்வளவுதான், டிங் எண்டு சத்தமில்ல, நீல டிக்கும் இல்ல.

உள்ளுக்க என்ன நடக்குது எண்டு பார்த்தா இன்னும் வடிவு. ஆளுக்கு ஒரு டெக்ஸ்ட் பைல், அதுட அடியில புது மெயிலைக் கொண்டு போய் ஒட்டிவிடுது. ஒவ்வொரு மெயிலும் ஃப்ரம் எண்டு தொடங்குற ஒரு வரியில ஆரம்பிக்கும், அந்த வரியை வச்சுத்தான் ஒரு மெயில் எங்க முடிஞ்சு மத்தது எங்க தொடங்குது எண்டு புரோகிராம் கண்டுபிடிக்குது. அப்ப நம்ம எழுதுற விசயத்துலயே ஒரு வரி ஃப்ரம் எண்டு தொடங்கினா? வழமையா அதுக்கு முன்னால ஒரு அம்புக்குறி போட்டு விட்டிரும், இல்லாட்டி ஒரு மெயில் ரெண்டாப் போயிரும். இதைப் புள்ளைகள்ட கண் முன்னால பைலைத் திறந்து காட்டின உடனே ஒரு புள்ள கேட்டிச்சு, "அப்ப மெயில் எங்கயும் போகல்லயா சேர்?" எண்டு. ஓம் மகள், எங்கயும் போகல்ல, இதே டிஸ்க்குக்குள்ள ஒரு பைல் ஒள்ளுப்பம் நீண்டிரிக்கு, அவ்வளவுதான்.

இதுட மூலம் அமெரிக்காவுல எம்ஐடி எண்ட பல்கலைக்கழகத்துல இரிக்கு. அங்க பெர்னாண்டோ கோர்பாட்டோ எண்டவர்ட ஆக்கள் செஞ்ச சிடிஎஸ்எஸ் எண்ட டைம் ஷேரிங் சிஸ்டத்தை 1961 நவம்பர்லயே ஓட்டிக் காட்டிட்டாங்க, மறுகா அது ஐபிஎம் 7094ல ஓடிச்சு. 32 ஆயிரம் சொச்ச வேர்ட் (மெசின் ஒரே தரத்துல கையாளுற துண்டுக்கு வேர்ட் எண்டு பேர்) மெமரி ரெண்டு, ஒண்டு சிஸ்டத்துக்கு, மத்தது பாவிக்கிற ஆக்கள்ட புரோகிராமுக்கு, ரெண்டையும் கூட்டினாலும் இப்ப போன்ல எடுக்கிற ஒரு போட்டோவுக்குக் காணாது, அதைத்தான் அத்தனை பேர் டைப்ரைட்டர் மாதிரியான டேர்மினல்ல இரிந்து ஒரே நேரத்துல பங்குபோட்டாங்க. மெயில் வரமுதல் ஒராளுக்கு ஏதும் சொல்லணும் எண்டா பொது டிரெக்டரியில, அதாவது எல்லாரும் திறக்கக்கூடிய ஃபோல்டர்ல, டூ டொம் எண்டு பேர் வச்சு ஒரு பைலைப் போட்டுட்டுப் போறது, டொம் வந்து கண்டா வாசிப்பார். 1964 கடைசி, 1965 தொடக்கம் போல லூயி பூசான், கிளெண்டா ஷ்ரோடர், பாட் கிறிஸ்மன் மூண்டு பேரும் இதுக்கு ஒரு கொமாண்ட் வேணும் எண்டு குறிப்பு எழுதினாங்க, 1965ல டொம் வான் வ்லெக்கும் நோயல் மொரிஸும் எழுதி முடிச்சாங்க. வாற மெசேஜ் மெயில் பொக்ஸ் எண்ட பைல்ட அடியில ஒட்டுப்படும். அறுபது வருசம் கழிச்சு கல்லடியில இந்த பை செய்றதும் கிட்டத்தட்ட அதே வேலைதான். ரே டொம்லின்சன் எண்ட அமெரிக்க இன்ஜினியர் அட் அடையாளம் போட்டு ஒரு மெசின்ல இரிந்து இன்னொரு மெசினுக்கு அனுப்பினது 1971லதான்.

அந்தக் குறிப்புல எனக்குப் பிடிச்ச விசயம், மெசேஜ் வாங்குறவருக்கு வசதியான நேரத்துல கிடைக்கணும் எண்டு அப்பவே சொல்லிட்டாங்க. அனுப்புறவர்ட அவசரத்துக்கு இல்ல. இப்ப நம்மட போன்ல நடக்கிறது முழுக்க மற்றப் பக்கம், ராவு பத்து மணிக்கும் ஏன் ரிப்ளை இல்ல எண்டு சண்டை.

குறை இல்லாம இல்ல. வாசிக்கப் போனா ஒரு கேள்விக்குறியோ அன்ட் அடையாளமோ மட்டும் நிக்கும், என்ன அடிக்கிற எண்டு ஒருத்தரும் சொல்லித்தர மாட்டாங்க. கியூ அடிச்சு வெளிய வந்தா வாசிச்ச மெயிலை எல்லாம் ஹோம் டிரெக்டரியில எம்பொக்ஸ் எண்ட இன்னொரு பைலுக்கு மாத்திரும், திரும்பப் போய்ப் பார்த்தா பெட்டி வெறும் பெட்டி, புள்ளைகள் மெயில் துலைஞ்சு போச்சு எண்டு கத்துதுகள். எக்ஸ் அடிச்சு வந்தா இருந்த மாதிரியே இரிக்கும். முதல் நாளே இதைச் சொல்லிக் குடுக்கணும். ஒரு புள்ளி குறைச்சது இதுக்குத்தான்.

ரைட் எண்ட கொமாண்ட் வேற கதை. இது ஆள் லொகின்ல இரிந்தாத்தான் போகும், நாம அடிக்கிற ஒவ்வொரு வரியும் என்டர் தட்டின உடனே அவன்ட ஸ்கிரீன்ல போய் விழும், அவன் என்ன செஞ்சிட்டு இரிந்தாலும் சரி. புரோகிராம் எழுதிட்டு இரிக்கக்குள்ள நட்டநடு ஸ்கிரீன்ல "டேய் சாப்பிட்டியா" எண்டு வந்து விழுந்தா எப்படி இரிக்கும், வேலிக்கு மேலால தலையப் போட்டுக் கதைக்கிற பக்கத்து வீட்டுக்காரன் மாதிரித்தான். பைலுக்கு ஒண்டும் ஆகாது, புரோகிராம் எழுதுற விம் எடிட்டர்ல கொன்ரோல் எல் அடிச்சா ஸ்கிரீன் பழையபடி வரும், ஆனா எரிச்சல் எரிச்சல்தானே. ரெண்டு பேரும் ஒரே நேரத்துல அடிச்சா வரியெல்லாம் கலந்து ஒண்டும் விளங்காது, அதுக்காக மெனுவல்லயே ஒரு பழக்கம் சொல்லியிரிக்கு, உன்ட முறை எண்டா கடைசில சின்னக் கோடும் ஓவும், கதை முடிஞ்சுது எண்டா ரெண்டு ஓ. நம்மட பொடியனுகள் எங்க கேக்குறானுகள். மெஸ்க் என் எண்டு அடிச்சா கதவடைச்ச மாதிரி, ரூட்டை (சிஸ்டத்துல முழு உரிமையும் உள்ள எக்கவுண்ட்) தவிர ஒருத்தரும் எழுத ஏலா. நான் லொகின் பண்ணின உடனே முதல் வேலையா அதைத்தான் அடிக்கிற.

வோல் எண்டும் ஒண்டு இரிக்கு, மெஸ்க் என் அடிக்காம லொகின்ல இரிக்கிற எல்லாருக்கும் ஒரே தரத்துல போகும். ஒரு பொடியன் "கிளாஸ் முடிஞ்சுது, எல்லாரும் வீட்ட போங்க" எண்டு அனுப்ப, பாதிப் பேர் பேக்கைத் தூக்கிட்டானுகள். சேருக்குக் கோவம் வந்தாலும் நான் சிரிச்சன், ஏனெண்டா எம்ஐடியிலயும் 1971ல சிஸ்டத்துல வேலை செஞ்ச ஒராள், எல்லாருக்கும் அனுப்புற உரிமையைப் பாவிச்சு சிடிஎஸ்எஸ் ஆக்கள் அத்தனை பேருக்கும் வியட்நாம் யுத்தத்துக்கு எதிரா நீட்டா ஒரு மெயில் அனுப்பி ஏச்சு வாங்கினவர். அவர்ட விசயமாவது பெறுமதியான விசயம்.

கிளாஸ் வச்சிரிக்கிற ஆக்கள் கட்டாயம் போட்டுப் பாருங்க, பை இல்லாட்டி லினக்ஸ் போட்ட பழைய பிசி ஒண்டும் காணும். ஒரு விசயம் மட்டும் புள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லிருங்க, ரூட் பாஸ்வேர்ட் வச்சிரிக்கிறவர் நினைச்சா எல்லார்ட பெட்டியையும் திறந்து வாசிக்கலாம், இங்க அது சேர்ட கையிலதான் இரிக்கு, அதால மற்றக் கதையெல்லாம் வாட்ஸ்அப்பிலயே வச்சுக்கங்க.